பாரிஸின் கண்ணாடிக் கூரைக் கடைச்சந்துகள்

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் தெருக்களில் கால் வைத்து நடப்பதே பெரும்பாடு. பெரும்பாலான தெருக்களுக்கு நடைபாதை கிடையாது. நடுவில் சாக்கடை ஓடும். குதிரை வண்டிகள் சேற்றை வாரியடித்தபடி போகும். சரிகையும் கையுறையும் வாங்க வந்தவர்கள் மழைக்கும் வண்டிக்கும் அஞ்சாமல் நின்று பார்க்க ஓரிடம் வேண்டியிருந்தது. இரண்டு தெருக்களுக்கிடையே கட்டடங்களை ஊடறுத்துச் செல்லும், மேலே கண்ணாடி வேய்ந்த கடைச்சந்துகள் அதற்காகவே எழுந்தன. பாரிஸ்காரர்கள் இவற்றை பஸாஜ் என்பார்கள்.

கட்ட நிலம் கிடைத்தது பிரெஞ்சுப் புரட்சியால். திருச்சபையிடமிருந்து பறிமுதலான மடங்களின் மனைகள் ஏலத்துக்கு வர, பணம் படைத்தவர்கள் வாங்கிப் போட்டார்கள். அப்படியொரு கன்னிமட மனையில் 1798-இல் எழுந்தது பஸாஜ் து கேர். நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்த ஆண்டு அது. கெய்ரோவின் பெயரே சந்துக்கும் வந்தது. பின்னாளில் அதன் முகப்பில் ஹாதோர் என்ற எகிப்தியப் பெண் தெய்வத்தின் முகங்கள் மூன்றைச் செதுக்கி வைத்தார்கள். அடுத்து வந்த பஸாஜ் தெ பனோரமாவின் வாசலில் இரண்டு வட்டக் கட்டடங்கள் இருந்தன. நடுவில் நிற்பவரைச் சுற்றி ஒரு நகரமே விரிவது போன்ற ராட்சத ஓவியங்களை அங்கே காட்டினார்கள். பாரிஸில் எரிவாயு விளக்கு முதலில் ஏற்றப்பட்ட இடங்களில் இந்தச் சந்தும் ஒன்று. இருட்டிய பிறகும் வியாபாரம் நடந்ததற்கு அந்த வெளிச்சமே காரணம்.

இவற்றில் அழகு மிக்கது 1820-களில் கட்டப்பட்ட கேலரி விவியென் என்றே சொல்லலாம். தரை முழுக்கச் சிறு கல் பதித்த கோலங்கள். நுட்பத்தில் முந்தி நின்றது 1840-களின் பஸாஜ் ழூஃப்ருவா. முழுக்க இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த அந்தச் சந்தில், குளிர்காலத்துக்கெனத் தரைக்கடியிலிருந்தே வெப்பம் ஊட்டினார்கள். கடைகளின் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கீழே குறுகலான கடை, உள்ளே சுழல் படிக்கட்டு, மேலே தாழ்ந்த கூரையுடன் கடைக்காரரின் அறை. சந்து தனியார் சொத்து என்பதால் இரவில் இரு முனையிலும் இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தகைய சந்துகள் 150 அளவுக்கு இருந்தன. 1853-க்குப் பின் பாரிஸின் நிர்வாகியான ஓஸ்மான் நகரத்தை இடித்து அகன்ற சாலைகளையும் நடைபாதைகளையும் போட்டார். போன் மார்ஷே போன்ற பேரங்காடிகள் எல்லாப் பொருளையும் ஒரே கூரையின் கீழ் விற்றன. தெருவில் சேறு ஒழிந்ததும் சந்துக்குள் நுழைய வேண்டிய தேவையும் போயிற்று. 1925-இல் பஸாஜ் தெ லொபெரா என்ற சந்தும் இடிபட்டது. ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் இந்தச் சந்துகளைக் கொண்டே 19-ஆம் நூற்றாண்டை எழுதிவிட முனைந்தார். 1940-இல் அவர் இறந்தபோது குறிப்புகள் மட்டுமே எஞ்சின.

இன்று சுமார் இருபது சந்துகளே இருக்கின்றன. 1970-இல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் கென்சோ தகாடா விவியெனில் கடை திறந்தது, மறந்துபோன இந்த இடங்களின் பக்கம் மக்களைத் திருப்பியது. பஸாஜ் பிராடியின் கதை வேறு. 1828-இல் திறந்த அதை 1850-களில் ஸ்ட்ராஸ்பூர் பெருஞ்சாலை இரண்டாகப் பிளந்தது. கூரை உள்ள பாதியில் 1970-களில் புதுச்சேரிக்காரர் ஒருவர் தொழில் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும் மளிகைக் கடைகளும் வரிசையாக வந்தன. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல்.