மலிவுப் பதிப்பும் திகில் நாவலும்: ஸ்டீபன் கிங்கின் எழுத்து வாழ்க்கை

ஸ்டீபன் கிங்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய பிள்ளைப் பருவத்தில்தான் திகிலின் வேரைத் தேடுகிறார்கள். 1947 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிறந்தார். அவருடைய இரண்டு வயதில் தந்தை வீட்டைவிட்டுப் போய்விட்டார். தந்தை விட்டுச்சென்ற புத்தகங்கள் பின்னாளில் உறவினர் வீட்டில் கிடைத்தன. அவற்றுள் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைத் தொகுப்பும் இருந்தது. அவர் ஏன் திகில் எழுதினார் என்பதற்கு இவை ஓரளவு விடை தரலாம். அது ஏன் கோடிக்கணக்கில் விற்றது என்பதற்குத் தரா. அந்த விடைக்குப் பதிப்பகங்களின் கணக்கேட்டைப் புரட்டவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கிங் முதலில் வளர்ந்தது பத்திரிகைச் சந்தையில். 1967இல் 'ஸ்டார்ட்லிங் மிஸ்டரி ஸ்டோரிஸ்' இதழ் அவருடைய கதை ஒன்றுக்கு 35 டாலர் கொடுத்தது. மெய்ன் பல்கலைக்கழகத்தில் 1970இல் பட்டம் பெற்றபின் சலவை ஆலையில் உழைத்தார். 1971 முதல் ஹாம்ப்டன் அகாடமியில் ஆங்கில ஆசிரியர். 'கேவலியர்' போன்ற ஆண்களுக்கான இதழ்கள் தந்த சன்மானம் பிள்ளைகளின் மருந்துச் செலவு போன்றவற்றுக்குப் போனது.

திருப்பம் 1973இல் வந்தது. அவர் குப்பைக்கூடையில் எறிந்த 'கேரி' நாவலின் தொடக்கப் பக்கங்களை மனைவி டபிதா எடுத்துக் கொடுத்த கதை பலருக்கும் தெரியும். கிங்கே அதைச் சலிக்காமல் சொல்லியிருக்கிறார். வரலாற்றாய்வாளருக்கு அதற்கடுத்து நடந்த பேரமே முக்கியம். டபுள்டே பதிப்பகம் கொடுத்த முன்பணம் 2,500 டாலர். நியூ அமெரிக்கன் லைப்ரரி மலிவுப் பதிப்பு உரிமையை 4,00,000 டாலருக்கு வாங்கியது. ஒப்பந்தப்படி அதில் பாதி எழுத்தாளருக்கு. அப்போது அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 6,400 டாலர். திகில் நாவல்களான 'ரோஸ்மேரிஸ் பேபி'யும் (1967) 'தி எக்ஸார்சிஸ்ட்'டும் (1971) பெருவிற்பனை கண்டிருந்த சூழலில்தான் பெயர் தெரியாத ஓர் ஆசிரியரை நம்பி இவ்வளவு பணம் போட முடிந்தது. 1974இல் வந்த கெட்டி அட்டைப் பதிப்பு சுமாராகவே விற்றது. அடுத்த ஆண்டின் மலிவுப் பதிப்போ பத்து லட்சத்தைத் தாண்டியது. 1976இல் அந்நாவலை வைத்து பிரையன் டி பால்மா எடுத்த படம் விற்பனையை மேலும் உயர்த்தியது.

லாபத்தைத் தந்த அதே கணக்கு எழுத்திலும் கை வைத்தது. 'தி ஸ்டாண்ட்' (1978) நாவலை முழுமையாக அச்சிட்டால் விலை கட்டாது என்று டபுள்டே கருதியதால் ஏறத்தாழ 400 பக்கங்கள் வெட்டப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி 1990இல்தான் மீண்டும் சேர்ந்தது. மலிவுப் பதிப்பு வருமானத்தைப் பங்கிடுவதிலும் பிணக்கு முற்றியது. இதனால் கிங் டபுள்டேயை விட்டு விலகினார்; 'தி டெட் ஸோன்' (1979) வைக்கிங் பதிப்பகத்திலிருந்து வந்தது.

என் வாதத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு: ரிச்சர்ட் பாக்மன். 1977 முதல் இந்தப் புனைபெயரில் கிங் எழுதிய முதல் நான்கு நாவல்களும் விளம்பரமின்றி நேரடியாக மலிவுப் பதிப்பாகவே வந்தன; பெரிதாக விற்கவில்லை. ஐந்தாவதான 'தின்னர்' (1984) சுமார் 28,000 பிரதிகள் விற்றிருந்த நிலையில், 1985இல் வாஷிங்டன் புத்தகக்கடை ஊழியர் ஒருவர் பதிப்புரிமை ஆவணத்தைத் தேடிப்பிடித்து உண்மையை வெளிப்படுத்தினார். விற்பனை பத்து மடங்கானது. மலிவு விலை மட்டும் போதாது, அதற்குள் கிங் என்ற பெயரே ஒரு சரக்காகியிருந்தது என்று வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பெயரை வைத்து அவரே வடிவங்களைச் சோதித்தார். 1996இல் 'தி கிரீன் மைல்' மாதம் ஒன்றாக ஆறு மெல்லிய புத்தகங்களாக வந்தது. ஆறும் ஒரே சமயத்தில் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் இடம்பிடித்தன. 1999இல் வேன் மோதிப் படுகாயமுற்று மீண்ட அவர், 2000 மார்ச்சில் 'ரைடிங் தி புல்லட்'டை மின்னூலாக மட்டுமே வெளியிட்டார். முதல் 24 மணி நேரத்தில் 4,00,000க்கு மேல் பதிவிறக்கங்கள். அவற்றில் பல இலவசமாகப் போனவை. அதே ஆண்டு, வாசகர் மனமுவந்து பணம் செலுத்தும் ஏற்பாட்டில் தொடங்கிய 'தி பிளான்ட்' தொடர் ஆறு பகுதிகளோடு நின்றது.

2003இல் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் அமெரிக்க இலக்கியப் பங்களிப்புக்கான பதக்கத்தை அவருக்கு வழங்கியபோது, விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் கொதித்தெழுந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பென்னிக்கு விற்ற திகில் பிரசுரங்களின் வழிவந்தவர் என்றார். இகழ்ச்சியாகச் சொன்னாலும், கிங்கின் வம்சாவளியை அவர் சரியாகவே கணித்திருந்தார்.