நிழல் விழும் கோபுரம்

ரெண்டு நாள் லீவு கிடைச்சா எங்க போவீங்கன்னு யாராவது கேட்டா, நான் யோசிக்கவே மாட்டேன். தஞ்சாவூர்தான். நாலு வருஷம் படிச்ச ஊர். சொந்த ஊர்ல கூட எனக்கு இவ்வளவு உரிமை தோணினதில்லை.

போன டிசம்பர்ல அரையாண்டு லீவுக்கு வந்திருந்த அக்கா பொண்ணையும் கூட்டிக்கிட்டு உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறினேன். ஏழாவது படிக்கிறா. ராத்திரி பூரா ஒரே பீத்தல்தான். "பெரிய கோயில் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அப்படி ஒரு டெக்னிக்!" இந்த வசனத்தை இருபது வருஷமா எத்தனை பேர்கிட்ட விட்டிருப்பேன்னு கணக்கே கிடையாது.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். நந்தி மண்டபத்துக்கு வடக்கே நின்னுக்கிட்டு கூப்பிட்டா.

"மாமா, நான் நிக்கிறது எதோட நிழல்?"

பாத்தேன். பின்னாடி திரும்பிப் பாத்தேன். மறுபடி தரையைப் பாத்தேன். சாட்சாத் ஸ்ரீவிமானத்தோட நிழல், நீட்டி நிமிர்ந்து படுத்துக்கிட்டு இருக்கு! நாலு வருஷம் அந்த நிழல்லதானே உக்காந்து கடலை கொறிச்சிருக்கேன்? ஒரு நாள் கூட உறைக்கலை பாருங்க. :)

விஷயம் ரொம்ப எளிமை. விமானத்தோட அடி அகலம். உச்சி வெயில் தலைக்கு நேரா வர்ற மாசங்கள்ல, மதிய நேரத்துல நிழல் அந்த அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிடும். மத்தபடி காலையிலயும் சாயங்காலமும் எல்லாக் கட்டடத்துக்கும் விழுற மாதிரிதான் இதுக்கும் விழும். டிசம்பர்ல சூரியன் தெற்கே சாய்ஞ்சிருக்கறதால மத்தியானம் கூட விழும்.

மானம் போச்சேன்னு நின்னப்போ ஒண்ணு தோணிச்சு. இந்தக் கோயிலுக்குக் கட்டுக்கதை புதுசில்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசி வரைக்கும் இதைக் கட்டினது யாருன்னே நமக்கு ஒழுங்காத் தெரியாது. தலபுராணம் கரிகாலன்னு சொல்லிச்சு. 1880களில் ஹுல்ஷ்ங்கிற ஜெர்மன்காரர் கல்வெட்டுகளைப் படிச்ச பிறகுதான் ராஜராஜன் பேர் சந்தேகமில்லாம நிலைச்சது. இத்தனைக்கும் அந்த மனுஷன் எல்லாத்தையும் சுவத்துலயே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கான்! தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகள் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொல்லி உத்தரவு. 1010-ல, தன்னோட 25-ஆம் ஆட்சியாண்டுல, விமானத்து உச்சிக்குப் பொன் கலசம் கொடுத்த கணக்கும் இருக்கு. கட்டின தலைமைத் தச்சன் குஞ்சர மல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேரும் இருக்கு.

"அப்போ வேற யார் பேரெல்லாம் இருக்கு?"ன்னா.

அவளைத் திருச்சுற்று மதில் பக்கம் கூட்டிட்டுப் போனேன். இந்தக் கோயில்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்வெட்டைப் பத்திச் சொன்னேன். ஆடல் பெண்டுகள் 400 பேரோட பட்டியல். திருவாரூர், திருவையாறு இப்படிச் சோழமண்டலத்துக் கோயில்கள்லேர்ந்து வரவழைச்சு, கோயிலை ஒட்டித் தளிச்சேரின்னு தெருக்கள் அமைச்சுக் குடியேத்தியிருக்காங்க. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, என்ன பேரு, எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தாங்க, எல்லாம் உண்டு. நம்ம ஊர் போஸ்ட்மேன் இன்னிக்குப் போனாலும் கடுதாசி கொடுத்துடலாம்! ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒருத்தங்க இறந்துட்டாலோ ஊரைவிட்டுப் போயிட்டாலோ, நெருங்கின உறவு அந்த வேலையைச் செஞ்சு பங்கை வாங்கிக்கலாம். அவங்களுக்குத் தகுதி இல்லைன்னா, தகுதியான ஆளை அவங்களே காட்டலாம். கருணை அடிப்படையில வேலைங்கிறதெல்லாம் அப்பவே இருந்திருக்கு!

நட்டுவனார், பாடறவங்க, சங்கு ஊதறவங்க, விளக்கேத்தறவங்க, குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், கணக்கெழுதறவங்கன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகும்.

நான் உற்சாகமாச் சொல்லிக்கிட்டே போறேன். அவ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "அந்த 400 பேரும் இங்க வர்றேன்னு சொன்னாங்களா மாமா? அவங்க ஊர்ல அவங்க அம்மா எல்லாம் இருந்திருப்பாங்கல்ல?"

இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்லைங்க. அவளுக்குத் தோணினதுல ஆச்சரியமும் இல்லை. அவளோட அப்பாவுக்கு மாத்தல் ஆகி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நல்லாப் பழகின பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வந்தவ அவ. கல்லுல நெல்லுக் கணக்கு இருக்கு, வீட்டுக் கணக்கு இருக்கு. அவங்க மனசுல என்ன இருந்துச்சுங்கிற கணக்கு இல்லை. "எழுதலைம்மா. உத்தரவுன்னு மட்டும்தான் இருக்கு"ன்னேன்.

மேல் தளத்துல, பொதுமக்களை விடாத இடத்துல, நடனக் கரணங்கள் 108-ல 81 தான் செதுக்கியிருக்கு. மீதிக் கற்கள் வெறுமனே இருக்கு. அதைச் சொன்னதும், "அப்போ எல்லாத்தையும் அவரால முடிக்க முடியலையா?"ன்னு கேட்டா. முடியலைதான். ஏன்னு அந்தக் கல்லும் சொல்லலை.

இருட்டறதுக்குள்ள நிழல் மெல்ல மதில் மேல ஏறிச்சு. ரெண்டு பேரும் புல்தரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தோம். ஊர் மேல இருக்கிற பாசம் குறைஞ்சிடுமோன்னு பயந்தேன். குறையலை. நிழலே விழாத அதிசயத்தைவிட, 400 பேரைப் பேரும் விலாசமுமாக் காப்பாத்தி வெச்சிருக்கிற கோயில் எனக்கு இன்னும் பெரிசாத் தெரியுது. அவங்ககிட்ட யாரும் கேக்காம விட்ட கேள்வியும் சேர்ந்தேதான்.

திரும்பி வர்றப்போ ரயில்ல எதிர் சீட்டுப் பெரியவர், "பெரிய கோயில் பாத்தியாம்மா? நிழலே விழாதே, கவனிச்சியா?"ன்னு கேட்டார்.

அவ என்னைப் பாத்தா. நான் ஜன்னலைப் பாத்தேன்.

"விழுது தாத்தா. அதுல நின்னுட்டுதான் வர்றேன்."