இரு மூலங்களின் நடுவே: இருபடிச் சார்பில் சமச்சீர் நோக்கின் வரலாறு

இலங்கைப் பாடசாலைகளில் சாதாரண தர மாணவர் இருபடிச் சார்பொன்றின் இரு பெறுமானங்களை ஒப்பிடப் பிரதியிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சமச்சீர் அச்சிலிருந்து எது கிட்ட, எது எட்ட என்று பார்த்தாலே போதும். இந்நோக்கு இந்தியக் கணிதர் பாஸ்கரரின் பீசகணித நூலிலிருந்து நேரே வந்ததென்று கொள்ள இடம்தந்தவர், 1806இல் மதுரையில் பிறந்த கணிதர் அகஸ்டஸ் டி மோர்கன்.

தில்லிக் கல்லூரி ஆசிரியர் இராமச்சந்திரர் உயர்வு, இழிவுக் கணக்குகளை நுண்கணிதமின்றி அட்சரகணிதத்தாலேயே தீர்த்துக்காட்டிய நூல் 1850இல் கல்கத்தாவில் வெளிவந்தது. அதை 1859இல் இலண்டனில் மறுபதிப்பிக்கச் செய்த டி மோர்கன், இந்திய அறிவின் மீட்சிக்கு வழிகாட்டும் முயற்சியாக முன்னுரையில் அதனைப் போற்றினார். பீசகணிதம் மட்டும் கற்றவரிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமான கேத்திரகணித நாட்டம் இராமச்சந்திரரிடம் உண்டென்றும் அவரே குறித்தார். இந்த அவதானம் மரபுத் தொடர்ச்சி என்னும் வாசிப்புக்கு எதிரான சான்று. அதை அவர் சிறு விலக்காகவே கடந்துவிட்டார்.

பாஸ்கரரின் குரங்குக் கணக்கை எடுத்துக்கொள்வோம். குரங்குக் கூட்டத்தின் எட்டிலொரு பங்கின் வர்க்கம் சோலையில் துள்ளுகிறது. எஞ்சிய 12 குன்றில் நிற்கின்றன. விடை 16 அல்லது 48. இரண்டையும் பாஸ்கரர் ஏற்கிறார். இவற்றின் நடு 32. கூட்டம் 32 ஆனால் குன்றில் நிற்பவை 16. அதுவே உயர்வுப் பெறுமானம். அச்சிலிருந்து 20 பன்னிரண்டு அலகு தள்ளியும் 40 எட்டு அலகு தள்ளியும் இருப்பதால், 40க்குரிய பெறுமானமே பெரிது. பாஸ்கரருக்கோ 12 தரப்பட்ட எண். அது எவ்வளவு கூடலாம் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த கணக்கு இன்னும் தெளிவானது. ஐந்திலொரு பங்கில் 3 குறைத்து வர்க்கித்த தொகை குகைக்குள் போக, ஒரு குரங்கு மட்டும் வெளியே தெரிகிறது. மூலங்கள் 50, 5. ஐந்தை எடுத்தால் வர்க்கிக்கும் எண் மறையாகும் என்பதால் அவர் அதைத் தள்ளுகிறார். இரு மூலங்களையும் சமமாக மதித்தால்தான் நடுவிலுள்ள 27.5 கண்ணில் படும். ஒன்றைத் தள்ளியவருக்கு அச்சு தென்பட வழியில்லை. முதற் கணக்கில் இரண்டையும் ஏற்றதை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஆனால் அங்கும் அவர் சோதித்தது விடைகளின் பொருத்தத்தையே.

இராமச்சந்திரர் முறையில் 12 இருந்த இடத்தில் மாறும் கணியம் ஒன்று வரும். வர்க்கமூலத்தின் உள்ளே இருப்பது மறையாகக் கூடாது. அது பூச்சியமாகையில் இரு மூலங்களும் ஒன்றாகும். அங்கேதான் திரும்பற் புள்ளி. கோடொன்றை இரு கூறாக்கிப் பெருக்கத்தை உயர்வாக்கும் கணக்கில், சம பெறுமானம் தரும் இரு நிலைகளை ஒன்றாக்கும் இந்த உத்தியை 1630களிலேயே பிரெஞ்சுக் கணிதர் பெர்மா கையாண்டார். ஆகவே பெறுமானம் எவ்வளவு கூடலாம் என்னும் கேள்வி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்குக் கருவியான வர்க்க நிறைவாக்கமோ பாஸ்கரருக்கு முந்திய ஸ்ரீதரரின் விதியிலும் உள்ளது. அவ்விதியும் பாஸ்கரரின் மேற்கோள் வழியாகவே நமக்குக் கிட்டியது.

யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ வெளிவந்தது 1855இல், இராமச்சந்திரர் நூலுக்கு ஐந்தாண்டு பின். நூற்பெயர் பழைய மரபைச் சுட்டுவதால் மட்டும் இதையும் டி மோர்கன் வழியில் மீட்சியாக வாசிப்பது பொருந்தாது. பெறுமானம் மாறவிடப்படுகிறதா, இரு மூலங்களும் நிகராக ஏற்கப்படுகின்றனவா என்னும் இரண்டையும் அந்நூலின் கணக்குகளில் தேடிய பின்பே அதன் மரபைத் தீர்மானிக்க முடியும்.