மருத்துவருக்கு எப்படிக் கூலி கொடுப்பது?

மண்டைக்காட்டுக் கடற்கரை மக்களுக்கு ‘நெய்யூர் ஆசுபத்திரி’ என்பது தலைமுறை தலைமுறையாகப் பழகிய சொல். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில், இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் பணியைத் தொடங்கினார். 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பும் வழியைத் திறந்தார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட ஹோவர்டு சாமர்வெல், இலண்டனில் காத்திருந்த உயர்வை விட்டு இங்கு வந்து அறுவை மருத்துவராக உழைத்தார். இவர்களுள் எவரும் தீர்த்த நோய்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றவர் அல்லர். நோயாளிகளிடம் மதிப்பெண் கேட்டவரும் அல்லர்.

அத்தகைய ஈகத்தை எல்லா மருத்துவரிடமும் எதிர்பார்ப்பது முறையாகாது. உழைப்பவர் கூலிக்கு உரியவரே. ஆனால் அக்கூலியை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு மூன்று விடைகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்கலாம். அப்போது தேவையற்ற சிகிச்சை பெருகக்கூடும். மாத ஊதியம் கொடுக்கலாம். அப்போது அக்கறை குன்றக்கூடும். ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். அப்போது பெயர்ப்பட்டியல் நீண்டு, பார்க்கும் நேரம் சுருங்கக்கூடும். பிரிட்டன் 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டத்தில் மூன்றாம் வழியைத் தேர்ந்தது. 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய நலப்பணி பிறந்தபோதும், குடும்ப மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் அவ்வழியே தொடர்ந்தது.

2004இல் அந்நாடு நான்காவது வழியொன்றைப் பெரிய அளவில் கையாண்டது. 146 குறியீடுகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு மொத்தம் 1,050 புள்ளிகள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த நோயாளிகள் எத்தனை பேர், சர்க்கரை நோயாளிகளுள் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்றெல்லாம் கணக்கிட்டுப் புள்ளிக்கேற்பப் பணம் வழங்கப்பட்டது. முக்கால் பங்கு புள்ளிகளையே மருத்துவர்கள் எட்டுவர் என்று அரசு எண்ணியிருந்தது. அவர்களோ முதலாண்டிலேயே பத்தில் ஒன்பது பங்கைக் கடந்தனர்.

நன்மையே விளையவில்லை என்று சொல்வதற்கில்லை. சர்க்கரை நோய், ஆஸ்துமா ஆகியவற்றுக்கான கவனிப்பு தொடக்கத்தில் விரைந்து மேம்பட்டது. பின்னர் அவ்வேகம் தணிந்தது. 2009இல் வெளியான ஆய்வொன்று மற்றொரு பக்கத்தையும் காட்டியது. பணம் பெறாத பணிகளின் தரம் பின்தங்கியது. தம்மை அறிந்த அதே மருத்துவரிடம் தொடர்ந்து செல்லும் வாய்ப்பும் நோயாளிகளுக்குக் குறைந்தது. ‘48 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் காண வேண்டும்’ என்ற இலக்கின் கதை இன்னும் வியப்பானது. அவ்விலக்கை நிறைவேற்றியதாகக் காட்டுவதற்காகச் சில மருத்துவமனைகள் அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்யவே மறுத்தன. 2005ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தொலைக்காட்சியில் பொதுமக்கள் இதை எடுத்துரைக்க, பிரதமர் டோனி பிளேர் திகைத்துப்போனார். நோயாளிகளின் கருத்தாய்வு முடிவைப் பணத்தோடு இணைத்த முயற்சியும் நிலைக்கவில்லை. 2011இல் அது கைவிடப்பட்டது. 2016இல் ஸ்காட்லாந்து அப்புள்ளி முறையையே விலக்கிவிட்டது.

மனநிறைவும் நலமும் ஒன்றல்ல என்பதும் தெளிவாயிற்று. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மிகுந்த மனநிறைவு தெரிவித்தவரிடையே செலவும் இறப்பு விகிதமும் கூடுதலாகவே இருந்தன. மனநிறைவுதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. எனினும், கேட்ட மாத்திரையைக் கொடுப்பவரைவிட, ‘இது உமக்கு வேண்டாம்’ என்று மறுப்பவர் நல்ல மருத்துவராக இருக்கலாம் அல்லவா?

இலக்கின் கொடுமையை நம் நாடு இதற்கு முன்பே கண்டதுண்டு. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,418 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. சம்மதித்தவருக்கும் ஆள் கொண்டுவந்தவருக்கும் ஊக்கத்தொகை உண்டு. அவசரநிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாடெங்கும் ஏறத்தாழ 82 லட்சம் பேருக்குக் கருத்தடை நடந்தது. ஊழியர்மேல் சுமத்தப்பட்ட எண்ணிக்கை, ஏழைகளின் உடல்மீது வன்முறையாக இறங்கியது. 1996இல்தான் மைய அரசு அவ்விலக்கு முறையைக் கைவிட்டது.

இன்று இக்கேள்வி வேறு உருவில் நம் வாயிலுக்கு வந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் கருத்தைக் கைபேசி வழியே கேட்கும் ‘மேரா அஸ்பதால்’ திட்டம் 2016இல் தொடங்கியது. 2019இல் தமிழகச் சுகாதாரத் துறைக்கு உலக வங்கி ஒப்புக்கொண்ட 28 கோடியே 70 லட்சம் டாலர் கடன், குறித்த பலன்களை எட்டுவதற்கேற்ப விடுவிக்கப்படுவதாக அமைந்தது.

கடலோரத்தில் சர்க்கரை நோயால் கால் புண்பட்ட ஒரு மூதாட்டியிடம், “மருத்துவமனையில் எப்படிக் கவனித்தார்கள்?” என்று யாரோ கேட்டதை அறிந்து, அவர் சொன்ன விடை என்ன என்று வினவினேன். “எல்லாம் நல்லது என்று சொன்னேன், சாமி” என்றார். உண்மையில் அன்று நான்கு மணி நேரம் காத்திருந்துவிட்டு, புண்ணைக் காட்டாமலே திரும்பியிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். “குறை சொன்னால் அடுத்த மாசம் மருந்து யாரு சாமி தருவா?” என்றார். கருத்தாய்வுக் கணக்கில் அவர் மனநிறைவு பெற்றவர்.

அளப்பது தீதன்று. இரத்த அழுத்தத்தை அளவாமல் அதைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால், மருந்து கொடுப்பவரே கருத்தும் கேட்டால் ஏழை அஞ்சுவார். ஆகவே கேட்பவர் வேறு ஒருவராக இருக்கட்டும். ‘மகிழ்ச்சியா?’ என்பதை விடுத்து, ‘புண்ணைப் பார்த்தார்களா? மருந்து முழுவதும் கிடைத்ததா? உண்ணும் முறையை விளக்கினார்களா?’ என்று கேட்கட்டும். கிடைக்கும் விடை குறையைத் திருத்த உதவட்டும். மருத்துவரின் கூலியை வெட்டும் கத்தியாக வேண்டாம்.

நல்ல சமாரியர் உவமையில், காயமுற்றவரைச் சாவடிக்குக் கொண்டுசென்றவர் இரு தெனாரியத்தை முன்கூட்டியே கொடுக்கிறார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார். சாவடிப் பொறுப்பாளரை அவர் நம்பினார். ஆனால் நம்பிவிட்டு மறந்துபோகவில்லை, திரும்பி வருவதாகச் சொன்னார். நம் மருத்துவமனைகளுக்கு நிதி ஒதுக்குவோரும், அவற்றை நாடிச் செல்வோரின் உறவினரும் அயலாருமாகிய நாமும், அந்த மூதாட்டியின் புண் ஆறியதா என்று அறியத் திரும்பிச் செல்கிறோமா?