பால்கனியில் கம்போஸ்ட்: நாற்றமில்லாமல் தொடங்குவது எப்படி?

காய்கறித் தோல், டீத்தூள், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்புபவரா நீங்கள்? அந்தப் பை எங்கே போகிறது என்பதைக் கொச்சி மக்கள் மறக்கவே மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து, பத்து நாட்களுக்கும் மேலாக நகரம் புகையில் தவித்தது.

ஈரக் குப்பை ஏன் பிரச்னை?

நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது. அது மற்ற குப்பையோடு மலையாகக் குவியும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் எளிதில் தீப்பற்றும் மீத்தேன் உருவாகும். அதே தோலும் டீத்தூளும் காற்றோட்டத்தோடு மக்கினால் உரமாகிவிடும். வீட்டு கம்போஸ்டின் சூட்சுமமே இதுதான்.

எப்படித் தொடங்குவது?

1. மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட் இரண்டு போதும். பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

2. அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது கோகோபீட் பரப்புங்கள்.

3. அன்றைய ஈரக் குப்பையைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். ஒரு கை குப்பைக்கு இரண்டு கை காய்ந்த இலை, கோகோபீட் அல்லது கிழித்த அட்டை போட்டு மூடுங்கள். இதை மட்டும் ஒருநாளும் விடாதீங்க.

4. ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் மக்குவது வேகமெடுக்கும்.

5. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பக்கெட் நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

இறைச்சி, மீன், பால் பொருட்கள், எண்ணெய்ப் பதார்த்தங்கள் வேண்டாம். பழகும்வரை மிச்ச சாதம், குழம்பையும் தவிர்க்கலாம்.

"நாறுதே, என்ன பண்றது?"

ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கூடுதலாகப் போட்டுக் கிளறுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் சரி.

"புழு வந்துடுச்சே!"

பயப்படாதீங்க, அதுவும் குப்பையைத் தின்று மக்க வைக்கத்தான் உதவுகிறது. ஈரத்தைக் குறைத்தால் புழுவும் குறையும்.

எப்போது தயார்?

பக்கெட் நிறைந்த பிறகு சுமார் 45 முதல் 60 நாட்கள். கருப்பழுப்பாக, உதிரியாக, மழை நனைத்த மண் வாசத்தோடு இருக்க வேண்டும். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டியில் போடலாம்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போகணுமே?"

நன்றாகக் கிளறி, மேலே தடிமனாகக் காய்ந்த இலையைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வாரம் தொடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.