பணக்கார நோய் என்னும் பழங்கதை

இருதய நோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைப் பணக்கார நோய்கள் என்று கூறும் வழக்கம் நம் ஜனங்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. உண்டு கொழுத்துச் சாய்வு நாற்காலியில் கிடப்பவனுக்கே அவை வரும், மெய்வருந்தி உழைப்பவனை அணுகா என்பர். மற்றொரு சாரார் எல்லாம் தலையெழுத்து என்று சொல்லி அமைவர். இவ்விரு கொள்கைகளையும் சென்ற நூற்றாண்டின் சரித்திரம் எவ்வாறு சோதித்தது என்பதை நம்மவர் அறிதல் நலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் நடுவயது ஆடவர் பலர் மாரடைப்பால் மாண்டனர். காரணம் யாதென ஆராயப் புகுந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்தியர், லண்டன் மாநகரின் இரட்டைத் தட்டுப் பஸ்களைத் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அவ்வண்டியில் வேலை செய்தோர் இருவர். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்தேயிருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்கும் பொருட்டு நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே ஸ்தாபனத்தின் ஊழியர், ஒரே வர்க்கத்தினர்.

1953-இல் வெளிவந்த முடிவு வைத்திய உலகைச் சிந்திக்க வைத்தது. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிரைக் கொள்வதும் குறைவு. நடந்து கடிதம் கொடுத்த தபால்காரரையும், மேசைமுன் இருந்த தபால் இலாகாக் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே காணப்பட்டது. எனினும் மாரிஸ் அதனோடு அமையவில்லை. ஊழியருக்குத் தைத்த சீருடை அளவுகளையும் ஆராய்ந்தார். டிரைவர்களின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாயிருந்ததைக் கண்டு, அதனையும் மறையாது 1956-இல் வெளியிட்டார். தம் முடிவைத் தாமே ஐயுற்று ஆராய்வதன்றோ அறிவின் நேர்மை! பிற்கால ஆராய்ச்சிகள் பலவும் உடலுழைப்பு இருதயத்தைக் காக்கும் என்பதை உறுதி செய்தன.

அங்ஙனமாயின், உழைப்பாளிக்கு அச்சமில்லை என்று கொள்ளலாமா? கூடாது. 1967-இல் லண்டன் அரசாங்க ஊழியர் 17,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு வேறோர் ஆராய்ச்சி தொடங்கிற்று. மைக்கேல் மார்மட் முதலியோர் 1978-இல் அதன் முடிவை வெளியிட்டனர். உயர்ந்த பதவியினரைவிட, ஏவலாளர், வாயிற்காவலர் முதலிய கடைநிலை ஊழியர் இருதய நோயால் மடிந்தது மூன்று மடங்குக்கும் அதிகம்! புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கணக்கிட்டும் அவ்வேற்றுமையின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. நம் நாட்டு வழக்கில் சொன்னால், ஆபத்து பெரிய துரைக்கன்று, பியூனுக்கே அதிகம். பணக்கார நோய் என்னும் கதை அன்றே பொய்த்தது.

நம்மவர்க்கு இதில் தனிப் பங்கும் உண்டு. பின்னர்க் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பகுதியைத் தொடங்கி நடத்திய டாக்டர் தனராஜும் அவர்தம் தோழரும், 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1959-இல் கட்டுரை வெளியிட்டனர். இந்தியரிடையே மாரடைப்பு நோய் சீனரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது அதன் முடிவு. அக்காலச் சிங்கப்பூர் இந்தியருள் பெரும்பாலோர் பணக்காரரோ? அல்லர். உழைத்துப் பிழைத்தவர்களே.

இன்று உலக நிலை யாது? உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2021-இல் இருதய நோய், புற்று நோய், நீரிழிவு, நாட்பட்ட சுவாச நோய் முதலிய தொற்றா நோய்களால் மாண்டோர் குறைந்தது 4 கோடியே 30 லட்சம். அவர்களுள் 1 கோடியே 80 லட்சம் பேர் எழுபது வயதை எட்டாதவர். அவ்வாறு அகாலத்தில் மாண்டோருள் நூற்றுக்கு 82 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்.

பழங்கதையால் விளையும் தீமை இதுவே: தனக்கு வாராது என்று எண்ணும் தொழிலாளி இரத்த அழுத்தத்தை அளந்து பாரான், சர்க்கரையைச் சோதியான், கால் புண் அழுகிய பின்னரே ஆஸ்பத்திரி வாயிலை மிதிப்பான். தோட்டத்தில் மரம் சீவி நடந்த குடும்பத்தின் பிள்ளை இன்று நகரத்தில் லாரி ஓட்டுகிறான்; கடை வாயிலில் காவலிருக்கிறான். பாட்டன் நடந்த நடை போயிற்று. பாட்டன் அருந்திய சர்க்கரைத் தேநீர் மட்டும் நிற்கிறது.

படியேறும் கால்கள் சாவைத் தள்ளிப்போடக் கூடுமாயின், தலையெழுத்து என்பதற்கு இடமேது? ஆதலின் நம் சங்கங்கள் ஆண்டு விழாவில் மாலை மரியாதைக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கும் நாளொன்றை ஏற்படுத்துக. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு ஓய்வு நேரத்தையும் வைத்திய வசதியையும் கேட்க. அளந்து அறிந்தவனே தன்னைக் காத்துக்கொள்வான்.