கப்பலின் பின்புறத்தில் ஒரு துவாரம்

கப்பலை உந்தும் சுழல்விசிறியைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று ஒருவரை மட்டும் சுட்டிவிட முடியாது. ஆனால், அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமான ஒருவர், பொறியியல் கல்லாத ஆங்கிலேய விவசாயி என்பது வியப்புக்குரியது. அவர் பெயர் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித்.

1808இல் கென்ற் மாவட்டத்தின் ஹைத் நகரில் பிறந்த ஸ்மித்துக்குச் சிறுவயது முதலே மாதிரிப் படகுகள் செய்வதில் பேரார்வம். லண்டனுக்கு அண்மையிலுள்ள ஹெண்டனில் பண்ணை நடத்திய காலத்தில், சுருள்வில்லால் இயங்கும் மாதிரிப் படகொன்றில் மரத்தாலான திருகைப் பொருத்திக் குளத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். 1836 மே 31ஆம் திகதி அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு கால்வாயில் நிகழ்ந்த வெள்ளோட்டத்தில் மரத் திருகின் ஒரு பாதி உடைந்து விழுந்தது. படகோ முன்னிலும் வேகமாக ஓடியது! நீண்ட திருகைவிடக் குறுகிய திருகே சிறந்தது என்ற உண்மை இவ்வாறு தற்செயலாக வெளிப்பட்டது.

1845இல் பிரித்தானியக் கடற்படை, சுழல்விசிறி கொண்ட 'ராற்லர்' கப்பலையும் துடுப்புச் சக்கரம் கொண்ட 'அலெக்ரோ' கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து இழுக்கவிட்டது. 'ராற்லர்' மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

எனினும், வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. துடுப்புச் சக்கரத்தின் தண்டு நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது. சுழல்விசிறியின் தண்டோ நீருக்கடியில் கப்பலின் உடலைத் துளைத்துக்கொண்டே வெளிவர வேண்டும். அந்தத் துவாரத்தில் தண்டு தடையின்றிச் சுழலவும் வேண்டும். கடல்நீர் உள்ளே புகவும் கூடாது. தண்டைத் தாங்கிய பித்தளைத் தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. தேய்ந்ததும் தண்டு அதிர்ந்தது, நீர் கசிந்தது. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் பெருகியது.

இதற்கு விடை கண்டவர் ஜோன் பென் என்ற பொறியியலாளர். ஸ்மித்தும் அம்முயற்சியில் துணைநின்றார். 1854இல் காப்புரிமை பெற்ற அவரது முறையில், உலோகத்துக்குப் பதிலாக 'லிக்னம் வீற்றே' என்னும் மரத்தின் பட்டிகைகள் தாங்கியினுள் பதிக்கப்பட்டன. கரீபியன் பகுதியில் வளரும் இம்மரம் நீரில் மூழ்குமளவுக்குக் கனமானது. இயல்பாகவே பிசின் நிறைந்தது. பட்டிகைகளின் இடைவெளியில் ஓடும் கடல்நீரே மசகாகப் பயன்பட்டது. பகையாக இருந்த நீரையே பணியாளாக்கிய உத்தி அது.

இன்று மாதிரிப் படகு செய்வோர் எதிர்கொள்வதும் இதே சிக்கல்தான். மோட்டரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். தண்டு செல்லும் குழாயில் கிறீஸ் நிரப்ப வேண்டும். விசிறி கழன்றுவிடாதபடி பூட்டுநட்டை இறுக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் படகு அதிரும், அல்லது நீர் புகுந்து அமிழும்.

ஸ்மித்துக்குப் பெருஞ்செல்வம் கிட்டவில்லை. 1871இல் 'சேர்' பட்டம் கிட்டியது. புகழெல்லாம் விசிறிக்கே போயிற்று. அதை நிலைபெறச் செய்ததோ, எவர் கண்ணிலும் படாத அந்தத் துவாரத்தினுள் பதிக்கப்பட்ட சில மரத்துண்டுகள்.